குப்பனூர் வழி திறந்திருக்கிறது

"ஏனுங்க மேடம், குப்பனூர் ரோடு தொறந்திருக்குதுன்னு யாருங்க சொன்னது?"

குப்பனூரிலிருந்து செய்தி அனுப்பும் ஜெயபிரகாஷுக்குப் போனிலேயே மூச்சு வாங்கியது. ஷபானா வாயைத் திறப்பதற்குள் மீதியையும் அவனே சொல்லிவிட்டான்.

"மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க. ஒரு வெள்ளக் காரு மேல பாறையே உழுந்துருச்சு. கிட்டப் போக முடியல, நம்பரும் தெரியலைங்க."

யாரும் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

காலையில் பெரிய மலைப்பாதையில் மரம் சாய்ந்து பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். பெரிய ரோடு அடைத்தால் குப்பனூர் வழி. ஏற்காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், ஷபானாவும் ஏற்காட்டில் பிறந்தவள்தான். போலீசைக் கேட்பானேன், டிரைவர்களைக் கேட்பானேன்?

போன மழைக்காலத்தில் தானே எழுதிய செய்தியை எடுத்தாள். தேதியை மட்டும் மாற்றி 'மலைச்சேதி' தளத்தில் மறுபடி ஏற்றினாள். புதிதாக எழுதினால் கூகுளில் எங்கோ அடியில் கிடக்கும். பழைய பக்கம் என்றால் தேடியவுடன் முதல் ஆளாக வந்து நிற்கும். எடிட்டர் ஆன பிறகு கற்றுக்கொண்ட வித்தை இது. தொழிலில் எல்லோரும் செய்கிறார்கள், அவள் மட்டும் என்ன பெரிய யோக்கியமா?

வெறும் வலைப்பூ எழுதிய காலத்தில் இப்படியில்லை. ஒரு கிளை முறிந்தால்கூட நேரில் போய், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படம் எடுப்பாள். படிக்க நூறு பேர் இருந்தால் அதிகம். அதில் முதல் ஆள் அவள் புருஷன் அன்வர்.

அன்வரின் காரும் வெள்ளைதான்.

மகள் ஆயிஷாவைப் பல் டாக்டரிடம் காட்ட முந்தின நாளே சேலம் இறங்கியிருந்தான். செய்தியை ஏற்றிய கையோடு ஷபானா அவனுக்கும் அனுப்பியிருந்தாள். 'குப்பனூர் வழியா வந்துடுங்க.' பதிலுக்கு அவன் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தான்.

போன் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது.

மறுபடி போட்டாள்.

ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில், ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறைதான் ஆபீஸ். கீழே பன் வேகும் வாசனை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிர்க்கடை போர்டுகூடத் தெரியவில்லை. ஷபானாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மண்ணுக்குள் கிடக்கிற போன் மணி அடிக்குமா?

பல் டாக்டர் கிளினிக்குக்குப் போட்டாள். "அவங்க அப்பவே கெளம்பிட்டாங்களே" என்றாள் ஒரு பெண். மூன்றாவது முறையாக அன்வருக்குப் போட்டாள். பாவி மனுஷன், இந்த ஒரு தடவையாவது தன் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜெயபிரகாஷ் திரும்ப அழைத்தான். மேலே இருந்து இன்னும் கல் உருண்டுகொண்டிருக்கிறது, ஆனால் கீழேயிருந்து வண்டிகள் வந்தபடியே இருக்கின்றன என்றான். அவளுக்கு அது காதிலேயே ஏறவில்லை. காருக்குள் யார், பெண் குழந்தை யாராவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை.

போனை வைக்கவும் அன்வர் கூப்பிடவும் சரியாக இருந்தது.

"போனு சார்ஜ்ல கெடந்துச்சு. என்ன ஷபானா, இத்தன தடவ கூப்ட்டிருக்கற? நாங்க சேலத்துல சின்னம்மா ஊட்டுலதான் இருக்கறோம், பாப்பா தூங்கறா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாக வரவில்லையா என்று கேட்டாள்.

"உன் நியூசப் பாத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு பஸ் டிரைவர் லாசரண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டேன். அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்காதன்னு சொல்லிட்டாரு."

எதற்கும் இருக்கட்டும். வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இப்போது அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அல்லாவே, அல்லாவே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அப்படியானால் அந்த வெள்ளைக் கார் யாருடையது என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

செய்தி அப்படியே இருந்தது.

இத்தனை நேரமும் போன் போட்டுக்கொண்டிருந்தாள். இதை எடுக்க வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை. இந்த நிமிஷம் படிப்பவர்களின் எண்ணிக்கை மூலையில் ஏறிக்கொண்டிருந்தது.

எடுத்தாள். ஒரு அழுத்து, அவ்வளவுதான் வேலை.

தளத்தின் வாட்ஸப் எண்ணில் வரிசையாக நன்றிகள் வந்து கிடந்தன. கடைசியாக இருந்தது, அன்வருக்கு மூன்றாவது முறை அவள் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது.

'நன்றிங்க அக்கா. உங்க செய்தியப் பாத்துத்தான் குப்பனூர் பக்கம் வண்டியத் திருப்பினோம். மேல குளிரு நொம்ப இருக்குங்களா? கைக்குழந்த இருக்குது.'

'ஏறாதீங்க. எங்க இருக்கீங்க?' என்று அடித்து அனுப்பினாள். ஒரே ஒரு டிக்தான் விழுந்தது.

அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது.

மறுபடி போட்டாள்.