புருவத்து நடுவில்

“தலையைத் தூக்கு. என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.”

மகன் நிமிர்ந்தான். அடுத்த நொடியே பார்வை அப்பாவின் சட்டைப் பொத்தானுக்கு வழுக்கியது. “கண்ணைப் பார்த்தா சொல்ல வேண்டியது மறந்துபோகுதுப்பா.”

“விடுங்களேன்,” என்றாள் அம்மா. “ஆட்டிசம் இருக்கிற பிள்ளையைக் கண்ணைப் பாருன்னு கட்டாயப்படுத்தாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!”

“நாளைக்குக் கேக்கப்போறவர் டாக்டர் இல்லை. தரையைப் பார்த்துப் பேசினா பொய் சொல்றான்னு நினைப்பாங்க.” பஸ் டிரைவரான அப்பா விடுவதாயில்லை. “சரிடா, கண்ணு வேண்டாம். புருவத்து நடுவுல பாரு. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வியர்க்க விறுவிறுக்கப் பழகினான்.

மறுநாள் இன்ஸ்பெக்டரின் புருவத்து நடுவில் ஆணி அடித்தாற்போல் பார்வையை நிறுத்தி, ஒரு சொல் பிசகாமல் சொன்னான்:

“அந்தப் பெரியவர் மேல ஸ்கூட்டரை ஏத்தினது நான்தான். அப்பா பின்னாடி உட்கார்ந்திருந்தார்.”

“பரவாயில்லையே! கண்ணைப் பார்த்து உண்மையை ஒத்துக்கிறானே!” என்றபடி இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார்.

அன்று ஸ்கூட்டரை ஓட்டிய அப்பாவுக்கு லைசென்ஸ் பிழைத்தது, பஸ் வேலையும் பிழைத்தது.

கான்ஸ்டபிள் மகனை உள்ளே அழைத்துப்போக எழுந்தார். பெற்றவர் தன் செருப்பைப் பார்த்தபடி முணுமுணுத்தார்:

“பயப்படாதே. சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

மகன் அவர் காதருகே குனிந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்:

“கண்ணைப் பார்க்க முடியலைன்னா புருவத்து நடுவுல பாருங்கப்பா. தரையைப் பார்த்துச் சொன்னா பொய் சொல்றீங்கன்னு நினைப்பாங்க.”