நே

“தம்பி, ‘நே’ன்னா என்ன அர்த்தம்?”

சீனித்தாய் வாசலிலேயே நின்று கேட்டாள். துறைமுக கேட்டிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். ஷாம் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் ஷாமுக்கு வேலை. ஒன்பது வருடமாக அவளைத் தெரியும். ஆறுமுகநேரி உப்பளத்திலிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவாள். அவள் கணவர் பேச்சிமுத்து சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்தபோது, ஒருநாள் காலை ஆளைக் காணோம். உடலும் கிடைக்கவில்லை.

அந்தக் கப்பல் கைமாறிப் பெயரும் மாறிவிட்டது. ஆனால் கப்பலின் ஏழு இலக்க எண் மாறாது. இந்த வாரம் அதே எண் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தது. ஷாம்தான் அவளுக்குப் போன் செய்தான்.

கேப்டன் புதியவர். அவருக்கு எதுவும் தெரியவில்லை. சீனித்தாய் இரண்டு நாளாக கேட் முன்னால் நின்று, கப்பல் ஆட்களை ஏற்றிப் போகும் ஒவ்வொரு வேனுக்குள்ளும் புகைப்படத்தை நீட்டியிருக்கிறாள். எல்லோரும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

இன்று காலை ஒருவன் படத்தைக் கையில் வாங்கினான். கொஞ்ச நேரம் பார்த்தான். அவனுக்குப் பேச்சிமுத்துவைத் தெரிந்திருந்தது. அது முகத்திலேயே தெரிந்தது என்றாள். அவள் கேட்டதற்கு “நே” என்றான். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

மதியமே கப்பலும் போய்விட்டது.

ஷாமுக்கு அந்தச் சொல்லைத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிரேக்கக் கேப்டனிடம் குடிதண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அவர் “நே” என்றார். வேண்டாம் போல என்று விட்டுவிட்டான். மறுநாள் ஏச்சு வாங்கிய பிறகுதான் கிரேக்க மொழியில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம் எனத் தெரிந்தது. அந்தக் கேப்டனே விளக்கினார். ஆங்கில ‘நோ’, ரஷ்ய ‘நியெத்’, பல்கேரிய ‘நே’ எல்லாம் மறுத்துச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிரேக்க ‘நே’ வேறு வேர். ‘மெய்யாகவே’ என்று அடித்துச் சொல்ல அந்தக் காலத்தில் இருந்த சொல்.

கப்பல் ஆட்களின் பட்டியலைக் கணினியில் திறந்தான். பாஸ்போர்ட் படங்கள் வரிசையாக வந்தன. சீனித்தாய் ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

“இவருதான்.”

இரண்டாம் இன்ஜினியர். நாடு, பல்கேரியா.

ஷாம் திரையைப் பார்த்தபடியே இருந்தான். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. உப்பு அரித்து வெடித்த அந்த விரல் இன்னும் கண்ணாடி மேலேயே இருந்தது.

“இவரு கிரேக்கம், அக்கா. அவங்க பாஷையில ‘நே’ன்னா ஆமா.”

சீனித்தாய் விரலை எடுத்தாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷாமுக்கு நெஞ்சு லேசானது. தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தான்.

அவள் டம்ளரை வாங்கி, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இங்கிலீசுல ஒத்தச் சொல்லுதான தெரியும். கம்பெனிக்காரன் கையெழுத்துப் போடச் சொன்ன காயிதத்துல இருந்த சொல்லு. அதைத்தான் கேட்டேன்.”

“என்னன்னு கேட்டிய?”

“டெட்டான்னு.”

ஷாம் சொன்ன ‘ஆமா’ இப்போது செத்துவிட்டார் என்பதற்கான ‘ஆமா’ ஆகியிருந்தது. மேசைவிசிறி மேசைமேல் கிடந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அவரு கிரேக்கம் இல்ல. பல்கேரியா. அவங்களுக்கு ‘நே’ன்னா இல்ல.”

“எனக்காக மாத்திச் சொல்லாதிய, தம்பி.”

“முதல்ல சொன்னதுதான் உங்களுக்காகச் சொன்னது. ‘உயிரோட இருக்காரா’ன்னு கேட்டிருப்பியன்னு நெனச்சேன். இல்லன்னு சொல்ல மனசு வரல.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். அவன் எதற்காகப் பொய் சொன்னான் என்பது புரியப் புரிய அவள் முகம் தெளிந்தது. ஒன்பது வருடத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. இப்போது சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாகத் தூக்கியிருந்தது.

“இருக்காவ” என்றாள். இன்னொரு தடவை, தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “இருக்காவ.”

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். டம்ளரை மேசையில் வைத்தாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே கேட்டாள்.

“அப்ப ஏன் தம்பி வீட்டுக்கு வரல?”