ஆடக்கூடாத ஜாடி

அகத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜாடியைத் தூக்கினாள். லேஸ் மூடியில் கோத்திருந்த மணிகள் கண்ணாடியில் பட்டுக் கிணுகிணுத்தன.

"ஆட்டாதடி! அது கலங்குனா பையன் கல்யாணமும் கலங்கிடும்" என்றான் மார்க்கஸ், ரகசியக் குரலில்.

"உங்க மேசைக்கு ஒரு கால் குட்டை. மட்டன் சட்டிய வச்சா ஜாடி தானா ஆடும். பரவாயில்லையா?"

ஜாடியை அப்படியே கொண்டுபோய், திரு இருதயப் படத்துக்குக் கீழே பீடத்தில், மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தாள். வாசலைப் பார்த்தாள். நல்லவேளை, ஜூலியஸ் இன்னும் வெளியே போனில் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.

மார்க்கஸும் ஜூலியஸும் கூலிமில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவர் சுங்கைப்பட்டாணியில் வக்கீலாகி 'அவர்' ஆனார். மற்றவன் லூனாஸில் லாரி ஓட்டி 'அவன்' ஆகவே இருந்துவிட்டான். இப்போது அவருடைய மகள் மிஷெலை இவனுடைய மகன் ஜோனதன் கட்ட வேண்டும் என்கிறான். "சாப்பிட வர்றேன். பதிலை அங்க வச்சு சொல்றேன்" என்றிருந்தார் ஜூலியஸ்.

வரும்போதே மூன்று பாட்டில் பிரெஞ்சு போர்தோ வைனோடு வந்தார். வந்ததும் அதில் 1982-ஆம் வருடத்து வைனைத் தன் கையாலேயே அகத்தாவின் ஜாடியில் ஊற்றி மேசையில் வைத்தார்.

"நாப்பது வருசத்துக் கிழவன். சாப்பாட்டோடதான் எடுக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது, ஆட்டுனா செத்துடுவான். ஒரு ஜாடிய காப்பாத்தத் தெரியாத வீட்டுக்கு எம்பொண்ணை எப்படி அனுப்புறது?"

மற்ற இரண்டு பாட்டில்களையும் இருவருமாக ருசி பார்த்தாகிவிட்டது. ருசி என்றால் குடிப்பது அல்ல. வாயில் வைத்து உருட்டி ஒரு பாத்திரத்தில் துப்ப வேண்டும். கிளாஸில் மிஞ்சியதையும் அதிலேயே கொட்டிவிட வேண்டும்.

"முழுங்குறது சம்சு சாராயம் குடிக்கிறவன் பழக்கம்டா மார்க்கஸ். சிடாம் கிரி தோட்டத்து நாக்கு! உனக்கு வைனும் ஒண்ணுதான், வினிகரும் ஒண்ணுதான்."

மார்க்கஸ் சிரித்து வைத்தான். மகனுக்காக வேறு என்ன செய்வது?

சாப்பிடுகிற மேசையில் எச்சிலா என்று அகத்தாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ரோஜா சிரப் கலக்கும் ஜோடி ஜாடியில் இன்னொன்றைத் துப்புவதற்கென்று எடுத்து மார்க்கஸின் பக்கத்தில் முக்காலிமேல் வைத்தாள். கண்ணில் படக்கூடாது என்று அதற்கும் ஒரு லேஸ் மூடி போட்டாள்.

மட்டன் பிரட்டல் மேசைக்கு வந்தபோது, குருண் பேக்டரியில் ஷிப்ட் முடித்து ஜோனதனும் வந்து சேர்ந்தான். நாற்காலி போதவில்லை. மார்க்கஸ் அவசரமாக முக்காலியில் இருந்ததை மேசைமேல் ஏற்றிவிட்டு முக்காலியை மகனிடம் தள்ளினான்.

ஜூலியஸ் போனைப் பைக்குள் போட்டபடி உள்ளே வந்தார். ஜோனதனின் யூனிபார்மைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "குளிச்சிட்டு உக்கார மாட்டியா தம்பி? கிரீஸ் நாத்தத்துல வைன் வாசனை எப்படித் தெரியும்?"

மேசையில் இருந்த ஜாடியை இழுத்து லேஸ் மூடியை எடுத்தார்.

"அண்ணே, அந்த ஜாடி..." என்று எழுந்தாள் அகத்தா.

"ஆட்டுனியா?"

"இல்லண்ணே, ஆட்டல. ஆனா..."

"அப்ப பேசாம உக்காரு. தெரிஞ்சவன் பேசுறப்ப தெரியாதவங்க கேக்கணும்."

கிளாஸ் நிறைய ஊற்றினார். விளக்குக்கு நேரே பிடித்தார். "ஓரத்துல நுரைய பாத்தீங்களா? கிழவன் இன்னும் உயிரோட இருக்கான்!"

முகர்ந்தார். கண்ணை மூடினார். ஒரு வாய் எடுத்து உருட்டினார். இதை மட்டும் துப்பவில்லை. சொட்டு விடாமல் விழுங்கினார்.

"அடேயப்பா!" குரல் தழுதழுத்தது. "முன்னாடி குடிச்ச ரெண்டோட வாசனையும் இதுல இருக்குடா! மேல ஏதோ ஒரு உயிர்... ஒரு சூடு... எப்படிச் சொல்றது? உனக்கு எங்க புரியப்போகுது!"

ஜோனதன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் அகத்தா அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"நல்லா இருக்காண்ணே?" என்றாள் பணிவாக.

"நல்லாவா? பிரான்சுலயே இப்படி ஒண்ணு நான் குடிச்சதில்ல." இரண்டாவது கிளாஸும் காலியாயிற்று. "ஆட்டாம அசைக்காம வச்சிருந்திருக்க. இந்த வீட்டுலயும் கொஞ்சம் மரியாதை தெரியுது. போகட்டும், சரின்னு வச்சுக்கோ."

"இப்பவே ஃபாதர்கிட்ட சொல்லிருங்களேண்ணே. நல்ல வார்த்தை வந்தப்பவே முடிச்சிடலாம்லா."

ஜூலியஸ் பெருந்தன்மையோடு போனை எடுத்தார். "ஃபாதர், ஜூலியஸ் பேசுறேன். எங்க மிஷெலுக்கும் மார்க்கஸ் மகன் ஜோனதனுக்கும் வர்ற ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருங்க. ஆமா, முழுச் சம்மதம். என் வாக்கு!"

போனை வைத்துவிட்டு, ஜாடியில் மிச்சமிருந்ததை ஒரு கிளாஸில் கவிழ்த்து அகத்தாவின் பக்கம் நகர்த்தினார். "இந்தா சம்பந்தி, நீயும் ஒரு வாய் குடி. வாழ்க்கையில இனி கிடைக்காது."

அகத்தா பீடத்தை ஒருமுறை பார்த்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்து ஜூலியஸும் காத்திருந்தார்.

அவள் கிளாஸை மெல்ல அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"வேணாண்ணே. நாங்க துப்புனத நாங்களே குடிக்கிறதில்லலா."