மாடிப்படிக்குக் கீழே ஐந்து பொருள்கள்

அன்று குடியிருப்போர் சங்க அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: குடியிருப்பின் செயலாளர், இரண்டாம் மாடிப் பல் டாக்டர், முதல் மாடி அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா. முதல் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மேஜைமேல் சாட்சிப் பொருள்கள் இருந்தன. கண்ணாடி பாட்டிலை அறுத்துச் செய்த விளக்கு, பழைய ஜீன்ஸில் தைத்த பை, பால் கவர்களை மடித்துப் பின்னிய கூடை, கிழிந்த படுக்கை விரிப்பில் முடைந்த மிதியடி, செய்தித்தாளைச் சுருட்டி ஒட்டிய பேனா ஸ்டாண்டு. ஐந்தும் டீச்சர் கைவேலை. ஐந்தும் இந்தக் கட்டடத்தில் ஐந்து வீடுகளுக்கு அவரே நேரில் போய்க் கொடுத்த பரிசுகள்.

காலையில் குழாய் ரிப்பேருக்கு வந்தவர் பெருக்கும் அம்மாவிடம் சாவி வாங்கி மாடிப்படிக்குக் கீழிருந்த சாமான் அறையைத் திறந்தபோது, துடைப்பங்களுக்குப் பின்னால் ஐந்தும் ஒரு துணியில் சுற்றிக் கிடந்தன. அந்த அறைச் சாவி அந்த அம்மாவிடம் மட்டுமே இருந்தது.

பரிசு வாங்கிய ஐவரில் மிதியடிக்காரரும் பேனா ஸ்டாண்டுக்காரரும் வேலை இருப்பதாகச் சொல்லி விசாரணைக்கு வரவில்லை. வந்த மூவரும் வராமல் இருந்திருக்கலாமே என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"போனாப் போகுது டீச்சர், விட்டுடுங்க" என்றார் டாக்டர்.

"கிளினிக் வாசல்ல உங்க செருப்பு காணாமப் போனா இப்படித்தான் பேசுவீங்களா டாக்டர்?"

டாக்டர் பல்லைக் காட்டாமல் சிரித்தார்.

டீச்சர் செயலாளர் பக்கம் திரும்பினார். "அறுபத்து மூணு பால் கவர் சார். ஒவ்வொண்ணாக் கழுவி, காயவெச்சுப் பின்னின கூடை. அது வீட்டுல இல்லேன்னு உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"வீட்டுல சாமான் ஜாஸ்தி டீச்சர். எது எங்கே இருக்குன்னே தெரியறதில்ல."

"பாவம், ஏதோ ஆசைப்பட்டு எடுத்திருப்பாங்க. இதைப் போய்ப் பெரிசு பண்ணணுமா?" என்றார் அக்கா.

"ஆசைப்பட்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. செஞ்சு கொடுத்திருக்க மாட்டேனா?"

எல்லாருக்கும் இளகிய மனசு என்று டீச்சர் எண்ணிக்கொண்டார். இரக்கம் வேறு, நியாயம் வேறு. முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். திருட்டு உறுதியானால் அன்றே வேலை நீக்கம் என்பது சங்க விதி. அதை எழுதியவரும் அவர்தான்.

"ஏம்மா, நீ என்ன சொல்றே?"

சுவரோரமாக நின்ற அம்மா தலை நிமிரவில்லை. "நான்தான் எடுத்தேன்மா. தப்புதான். நாளையிலேருந்து வரல."

"அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான், முடிச்சுடலாம்!" செயலாளர் பாதி எழுந்துவிட்டார்.

"உட்காருங்க சார். வெறும் விடைக்கு நான் என்னைக்கும் மார்க் போட்டதில்ல. வழிமுறை வேணும்."

டீச்சர் பதிவேட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். "எதை எப்போ எடுத்தேன்னு ஒவ்வொண்ணாச் சொல்லு. இந்தக் கூடை?"

"போன வாரம்மா. செவ்வாய்க்கிழமை."

"பை?"

"ரெண்டு மாசம் இருக்கும். அதுவும்... செவ்வாய்தான்."

"விளக்கு?"

அந்த அம்மா டாக்டரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தரையைப் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா."

"மிதியடி?"

"செவ்வாய்."

பேனா நின்றது.

அந்தக் கட்டடத்தில் ஈரக் குப்பையைத் தினமும் எடுப்பார்கள். காய்ந்த குப்பையை மட்டும் செவ்வாய்க்கிழமை காலையில் மூட்டை கட்டி அவரவர் வீட்டு வாசலில் வைக்க வேண்டும். மூன்று கூட்டங்களில் தனியாளாக நின்று சண்டை போட்டு அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் டீச்சர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அக்கா கைக்குட்டையை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். செயலாளர் சுத்தமாகவே இருந்த மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"வாசல்ல வெச்ச மூட்டையிலேருந்தா எடுத்தீங்க?" டீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

அந்த அம்மாவின் பார்வை செயலாளர் பக்கம் போய்த் திரும்பியது.

"உங்களைத்தான் கேட்கிறேன்."

"குப்பை வண்டி வர்றப்போ நீங்க கேட்டுல நின்னு ஒவ்வொரு மூட்டையும் பிரிச்சுப் பார்ப்பீங்களேம்மா. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு முன்னாடியே எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"அதில்ல டீச்சர், வீட்டுல இடம் கொஞ்சம்..." என்று தொடங்கினார் டாக்டர்.

"எங்க வீட்டுல யாரோ தெரியாம தூக்கிப் போட்டிருக்காங்க. இப்பதான் எனக்கே..." என்றார் அக்கா.

டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. "இவ்வளவு நேரம் நிக்கவெச்சுக் கேள்வி கேட்டேன். இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? வேலை போயிருக்குமே!"

"வேலை வேற எங்கேயாவது கிடைக்கும்மா" என்றார் அந்த அம்மா. "நீங்க இவங்களோடதானே குடியிருக்கணும்."

டீச்சர் பதிவேட்டில் எழுதியதை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அறையைவிட்டு வெளியேறினார்.