பூட்டு பிடித்த திருடன்

“திருடன் வெளியே இல்லை மேடம். நம்ம கட்டடத்துக்குள்ளதான் இருக்கான்” என்றான் பூட்டு. திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நிறுவனத்தின் இருபது வருடக் கணினிக் கோப்புகள் அத்தனையும் போன வாரம்தான் புதிய சேமிப்புப் பெட்டிக்குக் குடிபெயர்ந்திருந்தன. அதற்குக் காவல் பூட்டு.

பூட்டு என்பது அலுவலகம் வைத்த பெயர். மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டுப் போடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பெட்டி வந்த நாளிலிருந்து அது அவனுக்குத் தலைப்பிள்ளை. பல் தேய்க்கும்போதும் பேருந்தில் தொங்கும்போதும் போனிலேயே அதன் நலம் விசாரித்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

பெட்டிக்கு இரண்டு வாசல். ஒன்று, ஊழியர்கள் கோப்பு வைக்க, எடுக்க. இன்னொன்று நிர்வாக வாசல். அதற்குள் நுழைந்தவன்தான் பெட்டிக்கு ராஜா. இன்று காலை வந்ததும் வராததுமாக பூட்டு நிர்வாக வாசலின் கடவுச்சொல்லை மாற்றினான். புதிய சொல் இருபத்திரண்டு எழுத்து.

மாற்றிய பத்தாவது நிமிடமே யாரோ தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“கடிகாரம் வச்ச மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டுறான் மேடம். அதுவும் யார் பேர்ல? என் பேர்லயே. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.”

“உள்ளே வந்துட்டானா?”

“என் பூட்டைத் தாண்டியா? இன்னொரு பிறவி எடுத்து வரணும். இதோ, மறுபடியும் தட்டுறான்.”

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பூட்டு அதைச் சட்டை செய்யவில்லை. மனைவி விமானத்தில் பறந்துகொண்டிருக்கிறாள். அவளைத் தவிர வேறு யார் செய்தி அனுப்பினாலும் அது சொந்தக்காரர்கள் குழுவில் வரும் பூப்படமும் பொன்மொழியும்தான்.

ஆறு மாதம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு இன்று ஐந்து மணிக்கு வந்து இறங்குகிறாள். “வெளியே வரும்போது நீ எதிர்ல நிக்கணும். பெட்டி, கிட்டின்னு சாக்கு சொன்னே, அப்படியே அடுத்த விமானத்துல திரும்பிடுவேன்” என்று நேற்றே சொல்லிவிட்டாள். காலையிலிருந்து பூட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு மணிக்குக் கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம்.

மேலாளர் அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட்டார். “திருடனுக்கு ஒரு வழி பண்ணாம நீ இடத்தை விட்டு நகரக் கூடாது.”

மணி மூன்று பத்து. பூட்டின் மூளை இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது.

“பேரை யார் வேணும்னாலும் போட்டுக்கலாம் மேடம். ஆனா தட்டுற கருவிக்குன்னு ஒரு எண் உண்டு. இது ஏதோ ஒரு போன். எண் பதிவுல விழுந்திருக்கு. எப்படியும் அந்தப் போனோடதானே கேட்டைத் தாண்டணும்? அங்க பொறி வச்சுடறேன்.”

“வச்சுட்டுக் கிளம்பு” என்றார் மேலாளர்.

பூட்டு ஒரு சீட்டில் அந்தப் பன்னிரண்டு எழுத்து எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினான். கீழே மூன்று வரிக் கட்டளை, தன் கையெழுத்து. கட்டளையில் கடைசி வரிக்கு மட்டும் அழுத்தமாக ஓர் அடிக்கோடு. ஓடிப்போய்க் காவலாளியிடம் கொடுத்து, போனில் எண்ணை எங்கே பார்ப்பது என்று அவருடைய போனிலேயே சொல்லிக்கொடுத்தான்.

“வெளியே போற எல்லார் போனையும் பாருங்கண்ணே. ஒருத்தரையும் விட்டுடாதீங்க.”

பதினோரு வருடமாக அந்த கேட்டில் பூனைகூடத் திருட்டுத்தனமாக நுழைந்ததில்லை. காவலாளி புது மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்தார். தபால்காரரைச் சோதித்தார். தண்ணீர் கேன் போடுகிறவரைச் சோதித்தார். காற்று வாங்க வந்த மேலாளரின் போனைக்கூட இரண்டு தடவை சோதித்தார்.

சரியாக நான்கு மணிக்கு, ஒரு கையில் பூங்கொத்தும் வாயில் பாட்டுமாக பூட்டு துள்ளிக்கொண்டு வந்தான்.

“போனைக் கொடுங்க சார்.”

“என் போனா? பொறி வச்சதே நான்தாண்ணே.”

“எல்லார் போனும்னு சொன்னீங்களே சார்.”

பூட்டு சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தான். காவலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டில் ஒரு விரலும் திரையில் ஒரு விரலுமாக ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பன்னிரண்டாவது எழுத்துக்கு வந்ததும் எழுந்துபோய் கேட்டைச் சாத்தினார்.

அவர் கையிலேயே போன் அதிர்ந்தது. “ஏதோ வந்திருக்கு சார்” என்று திரையைத் திருப்பிக் காட்டினார்.

‘சேமிப்புப் பெட்டிக்குள் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் தவறு. பத்து நிமிடத்தில் மீண்டும் முயற்சிக்கப்படும்.’

காலையில் பெட்டியில் மாற்றிய சொல்லைப் போனில் மாற்ற மறந்தது பூட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம் போன், பழைய சொல்லையே வைத்துக்கொண்டு பகல் முழுக்க எஜமானுக்காகக் கதவைத் தட்டியிருக்கிறது.

“அண்ணே, திருடனும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லாம் என் மறதி. மேடம்கிட்ட நானே சொல்லிக்கிறேன். பொண்டாட்டி ஆறு மாசம் கழிச்சு ஊருக்கு வர்றா அண்ணே. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், விட்டுடுங்க.”

காவலாளி சீட்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“‘கெஞ்சினாலும் விடாதீர்கள்’னு அடிக்கோடு போட்டதே நீங்கதானே சார்.”