நான்காம் மாடியின் ஆரோக்கியம்

எழுபத்தாறு படி ஏறி நான்காம் மாடியில் நின்றபோது, கணக்கெடுக்க வந்த நர்ஸுக்குத் தன் முழங்கால் மேலேயே கோபம் வந்தது.

இந்தக் குடியிருப்பை வரைந்தவர் வேண்டுமென்றேதான் லிஃப்ட் வைக்கவில்லை. ‘ஏறும் படி, இறங்கும் நோய்’ என்று வாசலில் பலகைகூட இருக்கிறது. அதற்காக அவருக்கு விருது கொடுத்தார்கள். அவர் குடியிருப்பது மாடியில்லாத வீட்டில்.

லிஃப்ட் கேட்டு மனுப் போட்டுப் போட்டுக் குடியிருப்போர் ஓய்ந்தபோது, வீட்டுவசதி வாரியம் ஒரு வழி சொன்னது. மேல்மாடியின் நான்கு வீட்டாரும் சேர்ந்து வருஷத்தில் எட்டுத் தடவையாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் லிஃப்ட் உண்டு. இல்லையென்றால் படிக்கட்டு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

மூன்று வீடுகளில் ஆறு தேறிவிட்டது. இன்னும் இரண்டுதான் வேண்டும்.

கடைசி வீட்டில் எழுபது வயதுக்காரர் தனியாக இருக்கிறார் என்று கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. அடுத்தவர் சீக்காளியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட நர்ஸ் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கதவு திறந்தே இருந்தது. பெரியவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கயிறு கட்டிய வாளி ஒன்றைத் தெருவிலிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். வாளியில் காய்கறி, ரொட்டி, ஒரு மாத்திரை அட்டை.

அவளைப் பார்த்துச் சிரித்தார், எழுந்திருக்கவில்லை. வயதுக்கு அந்த உரிமை உண்டு என்று அவளும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உடற்பயிற்சி உண்டா என்ற கேள்விக்கு வாளியைக் காட்டினார். தினமும் இரண்டு வேளை. ‘உண்டு’ என்று குறித்துக்கொண்டாள்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆஸ்பத்திரியா? மூணு வருஷமா அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லம்மா!”

பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி சொன்னார்.

அவள் விடவில்லை. தலைசுற்றல்? நெஞ்சுவலி? பல்வலிக்காவது போயிருப்பாரே? பெரியவர் வாயைத் திறந்து காட்டினார். பல்லே இல்லை.

குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது. சைபர் போட்டு, படிவத்தை அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது என்று கையிலிருந்த டேப்லெட் சொன்னது.

கிளம்பும்போது அவர் கூப்பிட்டார்.

“கீழ முதல் வீட்ல, மக கூட, என் வீட்டுக்காரி இருக்கா. இடுப்பு ஆபரேஷனுக்கு இறங்கினவ, திரும்பி ஏற முடியல. எனக்கு முட்டி ரெண்டும் போச்சு, இறங்க முடியல. நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடும்மா, ஃபோன்ல நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா.”

எவ்வளவு நாளாக என்று கேட்டாள். மூன்று வருஷமாக என்றார். வாளியை நிரப்பி அனுப்புவது அவர் மனைவிதான். எட்டிப் பார்த்தால் தலை வகிடு தெரியும். போன மாதத்தோடு வகிட்டுப் பக்கம் முழுக்க நரைத்துவிட்டது என்றார்.

இரண்டாம் மாடி வரை இறங்கியவள், அங்கேயே நின்று அலுவலகத்துக்குப் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னாள். போகாத ஆஸ்பத்திரியை எப்படியம்மா கணக்கில் சேர்ப்பது என்று அதிகாரி கேட்டார். போனை வைத்துவிட்டு இறங்கினாள். வெட்கமாக இருந்தது.

கீழே முதல் வீட்டில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த அம்மாளே வந்து கதவைத் திறந்தாள். நர்ஸின் கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைப் பார்த்ததும், லிஃப்ட் வருமா என்றுதான் முதலில் கேட்டாள்.

அவர் ரொம்ப நன்றாக இருக்கிறார் என்றாள் நர்ஸ்.

நேரில் பார்த்தவள் சொன்னதால், அந்த அம்மாள் நம்பினாள்.