சூத்திரத்தின் வால்

தைவானின் தாய்சுங் நகரில் எங்கள் அலுவலகத்துக்கு மூன்று மணி டீ ஆர்டர் கொடுப்பது என் பொறுப்பு. அரைச் சர்க்கரை, ஐஸ் வேண்டாம் என்று எக்செல் தாளில் அவரவர் பெயருக்கு எதிரே போட்டுவிடுவார்கள். எத்தனை கப் என்று கடைசிக் கட்டம் சொல்லும்.

டீ வாங்கப் போன ஷெங்பின் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் வரியை நான்தான் நீக்கினேன். மிச்சம் ஆறு பேர். கட்டம் ஏழு என்றது.

கட்டத்துக்குள் இருந்த கூட்டல் சூத்திரத்தின் சமக்குறிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டேன். சூத்திரம் கணக்குப் போடுவதை விட்டு வெறும் எழுத்தாக விரிந்தது. அதன் வாலில் +1. அதை அழித்து, மேற்கோளையும் எடுத்தேன். ஆறு. மறுநாள் மறுபடியும் ஏழு.

"யாரோ விளையாடறாங்க, விடுங்கக்கா," என்றாள் பக்கத்து மேசை பெய்லிங்.

விடுவேனா? மறுபடி மேற்கோள் போட்டு, வாலில் திரும்பி வந்திருந்த +1-ஐ எழுத்தாகவே விட்டுவைத்தேன். தாளுக்குப் பாஸ்வேர்டும் போட்டேன். எழுத்தாகிவிட்ட சூத்திரம் செத்த பாம்பு, தானாக அசையாது.

இன்று வாலில் +2.

பெய்லிங் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "கடையில டெலிவரிக்கு ஆள் இல்லையாம்க்கா. நானே போய் வாங்கிட்டு வந்துடறேன்."

ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"என்னக்கா, லூசா நீங்க?"

"ஆமா, லூசுதான். இன்னிக்கு யாருக்கும் டீ கிடையாது. யாரும் வெளிய போகவும் கூடாது."

எல்லோரும் முணுமுணுத்தார்கள். பெய்லிங் ஹெல்மெட்டைத் தொப்பென்று மேசையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சாவியை இறுக்கிப் பிடித்தபடி திரையைப் பார்த்தேன்.

யாரும் தொடவில்லை. செத்த சூத்திரத்தின் வாலில் +2 போய் +1 என்று இருந்தது.